'ஃப்ரீன்னா தரம் இருக்காது', 'ஃப்ரீன்னா வைரஸே வராது': கட்டற்ற மென்பொருள் பற்றிச் சொல்லப்படுவதில் எது உண்மை?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. உங்கள் ஊர்ப் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபிலோ, நீங்கள் நடத்தும் ஜெராக்ஸ் கடையிலோ, வீட்டில் பிள்ளைகள் படிக்கும் மேசையிலோ ஒரு பழைய கணினி இருந்தால், 'இனி என்ன செய்வது?' என்ற கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும்.

விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. பழைய கணினிகள் பலவற்றில் அவை கிடையாது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தொடர்ந்து தரும் நீட்டிப்புத் திட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டுக் கணினிகளுக்கு அது 2026 அக்டோபர் வரை என்றே அறிவிக்கப்பட்டது. நிறுவனங்கள் பணம் கட்டினால் இன்னும் சில ஆண்டுகள் கிடைக்கும்.

இந்த நேரத்தில் உங்களிடம் இரண்டு பேர் வருவார்கள். ஒருவர், "லினக்ஸ் போட்டுடுங்க. ஃப்ரீ, வைரஸே வராது, எல்லாமே ஓடும்" என்பார். இன்னொருவர், "அதெல்லாம் நமக்கு வேண்டாங்க. ஃப்ரீயா கொடுக்கிறதுல என்ன தரம் இருக்கப்போகுது? கோட் எல்லாருக்கும் தெரியும், ஈஸியா ஹேக் பண்ணிடுவாங்க. பிரச்சினை வந்தா யாரைக் கேட்கிறது?" என்பார்.

இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறைய திரிபு இருக்கிறது. இரண்டாமவரின் வாதங்களுக்குப் பின்னால் கால் நூற்றாண்டு விளம்பர வரலாறு உண்டு. முதலாமவரின் மிகைப்படுத்தலால் வரும் சேதமும் குறைவில்லை. அவரை நம்பி மாறியவர் முதல் சிக்கலிலேயே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுவார். அடுத்த முறை யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டேட்டா ஜர்னலிஸ்டாக நான் தினமும் பயன்படுத்தும் பைத்தான், ஆர், கியூஜிஐஎஸ் மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள்தான். ஆகவே எனக்கும் ஒரு சாய்வு இருக்கிறது. அதனாலேயே இந்தக் கட்டுரையில் இரு தரப்பின் கணக்கையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்ப்போம்.

கட்டற்ற மென்பொருள் என்றால் என்ன?

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லுக்கு இலவசம், சுதந்திரம் என்று இரண்டு பொருள். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'இலவசம்' விலையைப் பற்றியது. 'கட்டற்ற' என்பது உரிமையைப் பற்றியது.

அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். அவர் வகுத்தபடி, ஒரு மென்பொருளில் நான்கு உரிமைகள் இருந்தால் அது கட்டற்றது: எந்த நோக்கத்துக்கும் அதைப் பயன்படுத்தலாம், அது எப்படி இயங்குகிறது என்று பார்த்து மாற்றலாம், பிரதி எடுத்துப் பிறருக்குத் தரலாம், மாற்றிய வடிவத்தையும் பிறருக்குத் தரலாம். இதற்கெல்லாம் மூலநிரல், அதாவது சோர்ஸ் கோட், கையில் கிடைக்க வேண்டும். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல் இந்த முயற்சியோடு சேர்ந்து முழு இயங்குதளம் ஆனது. 'திறந்த மூலம்', அதாவது ஓப்பன் சோர்ஸ், என்ற பெயர் 1998இல் வந்தது. இரண்டு பெயர்களும் பெரும்பாலும் ஒரே மென்பொருள்களைத்தான் குறிக்கின்றன. முதலாவது உரிமையை முன்னே வைக்கிறது, இரண்டாவது உருவாக்கும் முறையை.

இதை வைத்து ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கடையில் ஐம்பது, நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுத் தருகிற திருட்டு விண்டோஸ் உங்களுக்குக் கிட்டத்தட்ட இலவசம். ஆனால் மேலே சொன்ன நான்கு உரிமைகளில் ஒன்றுகூட அதில் கிடையாது. காசு வாங்கிக்கொண்டு விற்கப்படும் ரெட் ஹேட் லினக்ஸ் இலவசமாக வருவதில்லை. ஆனாலும் அது கட்டற்ற மென்பொருளால் ஆனது.

அச்சத்தை விற்பது எப்போது தொடங்கியது?

கணினித் துறையில் எஃப்.யு.டி. என்றொரு சுருக்கம் உண்டு. அச்சம், நிச்சயமின்மை, சந்தேகம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்வது. போட்டியாளரின் பொருளில் இன்ன குறை என்று சொல்லாமல், 'அதை வாங்கினா என்ன ஆகுமோ' என்ற கலக்கத்தை மட்டும் வாங்குபவர் மனதில் விதைப்பது. 1970இல் ஐ.பி.எம்-மை விட்டு விலகித் தனி நிறுவனம் தொடங்கிய ஜீன் அம்டால், ஐ.பி.எம். விற்பனையாளர்களைப் பற்றி இப்படிச் சொன்னதாக அறியப்படுகிறது.

இதே உத்தி கட்டற்ற மென்பொருள் மீதும் திரும்பியது. 1998இல் மைக்ரோசாஃப்டின் உள்சுற்று அறிக்கைகள் சில வெளியே கசிந்தன. 'ஹாலோவீன் ஆவணங்கள்' என்று அவற்றைச் சொல்வார்கள். திறந்த மூல மென்பொருளின் நம்பகத்தன்மை நீண்டகாலத்துக்கு நிற்கக்கூடியது, ஆகவே எஃப்.யு.டி. உத்தி அதனிடம் எடுபடாது என்ற கணிப்பு அவற்றிலேயே இருந்தது. அப்படியிருந்தும் 2001இல் அதன் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர், அறிவுசார் சொத்துரிமை நோக்கில் லினக்ஸைப் புற்றுநோயோடு ஒப்பிட்டு ஒரு நாளிதழுக்குப் பேட்டி கொடுத்தார்.

பிறகு காற்று மாறியது. மைக்ரோசாஃப்ட் 2016இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் உறுப்பினராகச் சேர்ந்தது. 2018இல் கிட்ஹப் தளத்தை 750 கோடி டாலருக்கு வாங்கியது. அந்த விஷயத்தில் தாங்கள் வரலாற்றின் தவறான பக்கத்தில் நின்றதாக 2020இல் அதன் தலைவர் பிராட் ஸ்மித்தே ஒப்புக்கொண்டார். சொன்ன நிறுவனம் கைவிட்டுவிட்டது. ஆனால் அன்று கிளம்பிய வாதங்கள் இன்றும் நம் ஊர் டெண்டர் கூட்டங்களில் உலவுகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாதம் 1: "இலவசம்னு சொல்வாங்க, மொத்தச் செலவு அதிகம்"

இந்த வாதத்துக்குள் ஓர் உண்மை உண்டு. உரிமக் கட்டணம் மொத்தச் செலவில் ஒரு பகுதிதான். பயிற்சி, பராமரிப்பு, பழைய கோப்புகளை மாற்றுவது எல்லாமே செலவுதான். சிக்கல், இந்த உண்மையை வைத்துப் போடப்படும் கணக்குகளில் இருக்கிறது.

2004இல் பிரிட்டனில் வந்த மைக்ரோசாஃப்ட் விளம்பரம் ஒன்று, விண்டோஸ் சர்வரைவிட லினக்ஸுக்குப் பத்து மடங்குக்கும் மேல் செலவாகும் என்றது. கணக்கைத் தோண்டிப் பார்த்தால், லினக்ஸை ஓட்டியது விலை உயர்ந்த ஐ.பி.எம். மெயின்பிரேமில். விண்டோஸை ஓட்டியது சாதாரண இன்டெல் சியான் சர்வரில். விலை வித்தியாசம் இயங்குதளத்தால் வந்ததைவிட இயந்திரத்தால் வந்தது. லாரி வாடகையையும் ஆட்டோ வாடகையையும் ஒப்பிட்டு, 'இந்த டிரைவர் காஸ்ட்லி' என்று சொல்வது போல. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அந்த விளம்பரம் திசைதிருப்புகிறது என்று தீர்ப்பளித்து, திருத்தச் சொன்னது.

ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி இன்னும் நல்ல உதாரணம். 2003இல் அந்த நகராட்சி லினக்ஸுக்கு மாற முடிவெடுக்கப்போகிறது என்றதும், பால்மர் தன் பனிச்சறுக்கு விடுமுறையை இடையில் நிறுத்திவிட்டு மேயரைப் பார்க்கப் போனார். நகராட்சி மாறியே தீர்ந்தது. 2013க்குள் சுமார் 15,000 கணினிகள் மாறின. ஒரு கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று 2012இல் நகராட்சி சொன்னது.

அடுத்த சில வாரங்களில், மைக்ரோசாஃப்ட் பணம் கொடுத்து எச்.பி. நிறுவனம் செய்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. லினக்ஸ் மாற்றத்துக்கு 6.06 கோடி யூரோ செலவு, விண்டோஸிலேயே இருந்திருந்தால் 1.7 கோடிதான் ஆகியிருக்கும் என்றது. அந்த 1.7 கோடிக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது விண்டோஸ் எக்ஸ்பியையும் ஆபிஸ் 2003-ஐயும். எக்ஸ்பிக்கான ஆதரவோ 2014 ஏப்ரலில் முடியவிருந்தது. அதற்குப் பிறகு புதிய விண்டோஸ் வாங்கும் செலவு அந்தக் கணக்கில் எங்கே?

ஆனால் மியூனிக் கதை இங்கே முடியவில்லை. ஊழியர்களின் புகார்கள், வெளியிலிருந்து வரும் ஆவணங்களைத் திறப்பதில் தொல்லை, துறைதோறும் சிதறிக் கிடந்த ஐ.டி. நிர்வாகம் எல்லாம் சேர்ந்து, 2017இல் நகராட்சி விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. 2020இல் பொறுப்புக்கு வந்த கூட்டணி மீண்டும் கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை என்று ஒப்பந்தம் போட்டது. 'மியூனிக் வெற்றி' என்று மட்டும் சொல்பவரும், 'மியூனிக்கே தோத்துப் போச்சு' என்று மட்டும் சொல்பவரும் உங்களுக்குப் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

கேரளாவின் 3,000 கோடி: நம் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டாமா?

கேரளத்தில் கட்டற்ற மென்பொருளின் வேர்கள் ஆழமானவை. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கப்பட்டது திருவனந்தபுரத்தில்தான். அரசுப் பள்ளிகளுக்காக 'கைட்' என்ற அரசு நிறுவனம், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தைப் பாடத்திட்டத்துக்கு ஏற்ற செயலிகளோடு தயாரித்துத் தருகிறது. ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சியும் உண்டு. இந்தியாவில் இந்த அளவில், இவ்வளவு காலம் தொடர்ந்து நடந்த இன்னொரு பள்ளித் திட்டத்தைக் காட்டுவது கடினம்.

2019 மே மாதம் இந்தத் திட்டம் நாடு முழுக்கச் செய்தியானது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருள் போட்டதால் கேரளாவுக்கு 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்பதுதான் செய்தி. இன்றும் இந்த எண் பகிரப்படுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3,000 கோடியை 2 லட்சத்தால் வகுத்தால், ஒரு கணினிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய். அப்போது சொல்லப்பட்ட விளக்கமும் அதுதான்: இயங்குதளத்தில் தொடங்கி, அதில் உள்ள எல்லாச் செயலிகளுக்கும் ஈடான தனியுடைமை மென்பொருள்களை வாங்கியிருந்தால் ஒரு கணினிக்குக் குறைந்தது ஒன்றரை லட்சம் ஆகியிருக்கும்.

உங்களிடம் ஒரு கேள்வி. கட்டற்ற மென்பொருள் இல்லாவிட்டால், எந்த அரசாவது ஒவ்வொரு பள்ளிக் கணினிக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மென்பொருள் வாங்கியிருக்குமா? கணினியின் விலையே அதில் ஒரு பங்குதான். கல்வி நிறுவனங்களுக்குப் பெரிய தள்ளுபடி கொடுப்பதும் வழக்கம். நடைமுறையில் அரசு இரண்டு மூன்று மென்பொருள்களை மட்டும் மொத்த விலையில் வாங்கியிருக்கும். மீதி இல்லாமலே போயிருக்கும். ஆக, 3,000 கோடி என்பது கஜானாவில் மிஞ்சிய தொகையாக இருக்க முடியாது. அதே வசதிகளை விலை கொடுத்து வாங்கினால் எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடாக அதைப் படிக்கலாம். இரண்டும் வேறு வேறு.

அப்படியானால் கேரளத் திட்டம் பொய்யா? கிடையாது. சரியாகச் சொன்னால் அதன் சாதனை இன்னும் தெளிவாகத் தெரியும். பட வரைகலை, ஒலித்தொகுப்பு, வரைபடம், நிரலாக்கம் என்று, காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு எட்டவே எட்டாத கருவிகள் லேபில் இருக்கின்றன. அதே பதிப்பை அந்தப் பிள்ளை வீட்டுக் கணினியிலும் சட்டப்படி போட்டுக்கொள்ளலாம். மலையாளத்துக்கு ஏற்ப அதை மாற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இதையெல்லாம் சொல்ல ஊதிய எண் ஒன்று தேவையில்லை. ஊதிய எண்ணை முன்னே வைத்தால், எதிராளி அந்த ஓர் எண்ணை உடைத்துவிட்டு மொத்தத் திட்டத்தையும் உடைத்ததாகச் சொல்வார்.

வாதம் 2: "கோட் எல்லாருக்கும் தெரியும், ஹேக் பண்ணிடுவாங்க"

பூட்டின் அமைப்பு தெரிந்தால் திருடன் திறந்துவிடுவான் என்ற நினைப்பு இது. மூலநிரலை மூடி வைத்தாலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படுகின்றன. 2017 மே மாதம் வான்னாகிரை தாக்குதல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே வெளியிட்டிருந்தது. அதைப் போடாமல் விட்ட கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின. மூலநிரல் திறந்ததா, மூடியதா என்பதைவிட, நேரத்துக்கு அப்டேட் செய்தார்களா என்பதுதான் அங்கே தீர்மானித்தது.

ஆனால் இதை வைத்து, 'பல கண்கள் பார்க்கின்றன, ஆகவே கட்டற்ற மென்பொருள் பாதுகாப்பானது' என்று மார்தட்டினால் அதுவும் திரிபுதான். பார்க்கலாம் என்பதும் பார்க்கிறார்கள் என்பதும் ஒன்றல்ல. இணையத்தின் பெரும் பகுதி நம்பியிருந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை இரண்டு ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்து, 2014 ஏப்ரலில்தான் வெளியே வந்தது. அந்தத் திட்டத்துக்கு அதுவரை நன்கொடையாக வந்துகொண்டிருந்தது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். உலகமே பயன்படுத்தியது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

2024 மார்ச்சில் நடந்தது இரண்டு பக்கமும் வெட்டுகிற கதை. லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள எக்ஸ்.இசட். என்ற சுருக்குக் கருவிக்குள், பல மாதங்களாக உதவி செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் பின்கதவு ஒன்றை நுழைத்துவிட்டார். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் சந்தேகப்பட்டு, நோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். அவர் வேலை செய்வது மைக்ரோசாஃப்டில்! எல்லாம் திறந்திருந்ததால்தான் வெளியாள் ஒருவரால் மூலம் வரை போக முடிந்தது. தனியாளாகக் களைத்துப்போன ஒரு தன்னார்வலர் பராமரித்த மென்பொருள் என்பதால்தான் அந்நியரால் உள்ளே நுழையவும் முடிந்தது.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. 2022 பிப்ரவரி முதல் வி.எல்.சி. பிளேயரின் இணையதளம் இந்தியாவில் திறக்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில், சீன ஹேக்கர் குழு ஒன்று வி.எல்.சி.யைப் பயன்படுத்தித் தாக்குகிறது என்ற செய்தி வர, 'வி.எல்.சி. சீனச் செயலி', 'வி.எல்.சி.யில் வைரஸ்' என்றெல்லாம் பரவியது. நடந்தது வேறு: தாக்கியவர்கள் அசல் வி.எல்.சி. பக்கத்தில் தங்கள் நச்சுக் கோப்பை வைத்து ஓட்டினார்கள். வி.எல்.சி. பிரான்ஸில் பிறந்த கட்டற்ற மென்பொருள். அதை உருவாக்கும் வீடியோலான் அமைப்பு, இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோடு அக்டோபரில் அரசுக்குச் சட்ட நோட்டீஸ் அனுப்பியது. நவம்பரில் தடை நீங்கியது.

வாதம் 3: "பிரச்சினை வந்தா யாரைக் கேட்கிறது?"

காசு கொடுத்தால் கேட்க ஆள் உண்டு. ரெட் ஹேட் நிறுவனத்தின் தொழிலே அதுதான், 2019இல் ஐ.பி.எம். அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. இந்தியாவில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸை 2007 முதல் வெளியிட்டு வருகிறது. பாதுகாப்பு அமைச்சகம் தன் கணினிகளில் உபுண்டு அடிப்படையிலான மாயா இயங்குதளத்தைப் போட முடிவு செய்ததாக 2023இல் செய்தி வந்தது.

காசு கொடுக்காவிட்டால்? அப்போது நீங்கள் நம்பியிருப்பது தன்னார்வலர்களை. பலர் அருமையாக உதவுவார்கள். ஆனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சரி செய்து தர வேண்டும் என்று அவர்களிடம் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பயன்படுத்தும் நிறுவனங்கள் பராமரிப்பவர்களுக்குப் பணம் தர வேண்டும் என்ற பேச்சு இந்தியாவிலும் தொடங்கிவிட்டது. பெங்களூருவின் ஜெரோதா நிறுவனம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் தரும் நிதி ஒன்றை 2024இல் அறிவித்தது.

வாதம் 4: "தொட்டா நம்ம நிரலையும் வெளியே கொடுக்கணும்"

'புற்றுநோய்' ஒப்பீட்டின் பின்னணி இதுதான். லினக்ஸ் கருநிரல் வெளியிடப்படும் ஜி.பி.எல். உரிமத்தில் நிபந்தனை உண்டு: அந்த நிரலை மாற்றியோ உங்கள் நிரலோடு இணைத்தோ பிறருக்கு வினியோகித்தால், மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். மென்பொருள் விற்கும் நிறுவனம் இதைக் கவனமாகப் படிக்கத்தான் வேண்டும்.

ஆனால் வெறுமனே பயன்படுத்துபவருக்கு இதனால் எந்தக் கடமையும் இல்லை. லிப்ரெஆபிஸில் நீங்கள் எழுதும் கடிதம் உங்களுடையது. ஜிம்ப்பில் வரையும் கல்யாணப் பத்திரிகை உங்களுடையது. உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் ஓடுவதற்காக நீங்கள் மாற்றிக்கொண்ட நிரலை யாருக்கும் காட்ட வேண்டாம் என்பதும் அந்த உரிமத்துக்குள் அடக்கம்.

வழக்கைக் காட்டிப் பயமுறுத்தியதும் நடந்தது. லினக்ஸில் தன் யூனிக்ஸ் நிரல் இருப்பதாகச் சொல்லி எஸ்.சி.ஓ. என்ற நிறுவனம் 2003இல் ஐ.பி.எம். மீது வழக்குப் போட்டது. லினக்ஸ் வைத்திருக்கும் நிறுவனங்களிடம் 699 டாலரில் தொடங்கி உரிமக் கட்டணமும் கேட்டது. கடைசியில் அந்த யூனிக்ஸ் காப்புரிமையே நோவெல் நிறுவனத்துடையது என்று 2010இல் நடுவர் குழு முடிவு செய்தது. எஸ்.சி.ஓ. அதற்கு முன்பே திவாலாகியிருந்தது.

அப்படியானால் உண்மையான குறைகளே இல்லையா?

இருக்கின்றன. லினக்ஸ் போடச் சொல்பவர் இவற்றை முதலில் சொன்னால்தான் அவர் சொல்லும் மற்றதையும் நம்பலாம்.

கடையில் கணக்கு டாலியில்தான் ஓடுகிறது என்றால், அது விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. லினக்ஸில் ஓட்டச் சுற்று வழிகள் உண்டு. ஆடிட்டர் கேட்கும் நாளில் அவை கைகொடுக்கும் என்று உறுதி தர முடியாது. ஃபோட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஸ்டுடியோ வைத்திருப்பவரிடம் 'ஜிம்ப் அதுக்கு ஈடுதான்' என்று சொல்வது, பல ஆண்டுகள் பழகிய கையைப் புரிந்துகொள்ளாத பேச்சு. வேர்டில் செய்த சிக்கலான படிவத்தை லிப்ரெஆபிஸில் திறந்தால் வரிகள் நகரலாம். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த பழைய கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கணினியிலும் புரியாத குறிகளாகத்தான் தெரியும். டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கன், பழைய பிரிண்டர், ஸ்கேனர் ஆகியவற்றை உங்கள் கணினியில் சொருகிப் பார்க்காமல் யாரும் உறுதி சொல்ல முடியாது.

'வைரஸே வராது' என்பதும் தவறு. வீட்டுக் கணினி லினக்ஸைக் குறிவைக்கும் தீநிரல்கள் குறைவு என்பது சரி. வராது என்பது சரியில்லை. வங்கி பெயரில் வரும் போலி லிங்கில் நீங்களே பாஸ்வேர்டு அடித்தால், எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. 'உலகின் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸ்தான்' என்பது 2017 நவம்பர் முதல் உண்மை. உங்கள் பிரிண்டர் ஓடுமா என்பதற்கு அது பதில் ஆகாது. 'உங்க ஆண்ட்ராய்டு போன்லயும் லினக்ஸ்தான்' என்பது உண்மை. ஆனால் அதே போனில் வரும் கூகுள் செயலிகள் பெரும்பாலும் தனியுடைமை மென்பொருள்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் முழு உண்மை.

அரசு என்ன சொல்கிறது?

திறந்த மூல மென்பொருளை அரசு ஏற்பதற்கான கொள்கையை மத்திய அரசு 2015இல் வெளியிட்டது. மென்பொருள் டெண்டர் விடும்போது திறந்த மூலத் தீர்வுகளையும் கருத வேண்டும், அதற்கு முன்னுரிமை தர வேண்டும், அதை ஒதுக்கினால் காரணம் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். பொருத்தமான திறந்த மூலத் தீர்வு இல்லாதபோதும் அவசரத் தேவையின்போதும் விலக்கு உண்டு. மத்திய அரசு அமைப்புகளுக்கும், இதை ஏற்கும் மாநிலங்களுக்கும் இது பொருந்தும்.

குடிமக்களாக நமக்கு இதில் பயன் இருக்கிறது. ஒரு மத்திய அரசு அலுவலகம் தனியுடைமை மென்பொருளை வாங்கியிருந்தால், திறந்த மூலத்தை ஏன் ஒதுக்கினார்கள், பதிவு செய்த காரணம் என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 'அவங்களுக்கு கமிஷன்' என்று ஊகமாகப் பேசுவதைவிட அந்த ஒரு பக்கக் காகிதம் பயனுள்ளது.

யார் சொன்னாலும் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்? இயந்திரம், பதிப்பு, ஆண்டு, கணினிகளின் எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றா?

2. அந்த எண் உண்மையில் செலவான பணமா, செலவாகியிருக்கும் என்ற மதிப்பீடா?

3. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்? அதனாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால் அனுமானங்களை இரண்டாம் முறை படிக்க அது போதுமான காரணம்.

4. சொல்லப்படும் குறை இந்த மென்பொருளுக்கு மட்டும் உரியதா, எல்லா மென்பொருளுக்கும் பொதுவானதா? அப்டேட் செய்யாவிட்டால் ஆபத்து என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

5. பரிந்துரைப்பவர் தானாக ஒரு குறையையாவது சொன்னாரா? ஒன்றுகூடச் சொல்லவில்லை என்றால் அவர் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பது இலவசமாகவே இருந்தாலும்!

இப்போது அந்தப் பழைய கணினிக்கு வருவோம். முடிவெடுக்கும் முன் இரண்டு பட்டியல் எழுதுங்கள்: தினமும் திறக்கும் செயலிகள், கணினியில் சொருகும் கருவிகள். பெரும்பாலான லினக்ஸ் பதிப்புகளைக் கணினியில் போடாமலே பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் விண்டோஸும் கோப்புகளும் அப்படியே இருக்கும். முதலில் உங்கள் முக்கியக் கோப்புகளுக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பிறகு ஒரு வாரம் பென் டிரைவில் ஓட்டி, பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். பிரவுசர், ஆன்லைன் வகுப்பு, தமிழ்த் தட்டச்சு, பி.டி.எஃப். மட்டும்தான் தேவை என்றால், தூக்கிப்போட இருந்த அந்தக் கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. டாலி அருகே டிக் விழவில்லை என்றால், அந்த ஒரு கணினியை விண்டோஸிலேயே விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்று எந்த உரிமமும் சொல்லவில்லை.